கேம் ஆடுபவர்களுக்கு ஐடியில் என்ன வேலை?

2025 ஆகஸ்டில் இணைய விளையாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதிலிருந்து, பிள்ளை கேம் டெவலப்மென்ட் படிக்க ஆசைப்படும் வீடுகளில் ஒரு கேள்வி சுற்றி வருகிறது: "கேமிங்கையே தடை பண்ணிட்டாங்களே, அப்புறம் அதுல என்ன வேலை?" ஆனால் 2022 மத்திய பட்ஜெட்டிலேயே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் நான்கையும் சேர்த்து, வேலைவாய்ப்பைப் பெருக்கச் செயற்குழு அமைப்பதாகச் சொன்னதும் இதே மத்திய அரசுதான். நடுவில் 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவிலிருந்து 1,900 பேரை அனுப்பியது. அதே மாதம், கேம் உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டி நிறுவனம் சுமார் 1,800 பேரை, அதாவது ஊழியர்களில் கால்வாசியை, குறைக்கப் போவதாக அறிவித்தது. தடை, ஊக்கம், ஆட்குறைப்பு மூன்றும் ஒரே துறையில் எப்படி?

ஒரே துறையில் இல்லை. ஒரே தலைப்பின் கீழ் செய்தி வருவதால் அப்படித் தெரிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமில் ஊறிய பையனோ பெண்ணோ கடைசியில் போய்ச் சேரும் வேலை பெரும்பாலும் இந்தச் செய்திகளில் வருவதே இல்லை. அது சர்வர் பார்ப்பது, நெட்வொர்க், டெஸ்டிங், பாதுகாப்பு என்று சாதாரண ஐடி வேலை. அதற்கு அவர்களைத் தயார் செய்வது எது என்பதில்தான் பெற்றோரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள், பிள்ளைகளும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

## எது தடையானது, எது ஆகவில்லை

1. பணம் கட்டி ஆடுபவை. ரம்மி, போக்கர், பேன்டஸி கிரிக்கெட் போல, பணம் வைத்துப் பணம் ஜெயிக்க ஆடுபவை. 2025 சட்டம் தடை செய்தது இவற்றைத்தான். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 2022-இல், தனிச் சட்டம் வந்து அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது பலருக்கு நினைவிருக்கும். இந்த நிறுவனங்களில் கேம் செய்பவர்கள் மட்டும் இல்லை. பேமென்ட், மோசடியைக் கண்டுபிடிப்பது, கிளவுட் என்று வங்கியில் பார்க்கும் அதே வேலையைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

2. இ-ஸ்போர்ட்ஸ். போட்டியாக ஆடிப் பரிசு வாங்குவது. இதைச் சட்டம் தடுக்கவில்லை, முறையாக அங்கீகரிக்கிறது. ஆனாலும் இதை வேலை என்று நம்பி இறங்குவது ஆபத்தான காரியம். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் முடக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதம் அந்த ஒரு கேமை நம்பிப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இந்தியாவில் ஆடக் களமே இல்லை.

3. கேம் உருவாக்கம். பட்ஜெட்டில் ஊக்கம் சொன்னது இதற்குத்தான், ஆட்குறைப்புச் செய்திகள் வருவதும் இங்கிருந்துதான். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த உலகம் கேமில் பணத்தைக் கொட்டியது, நிறுவனங்கள் ஆளெடுத்துத் தள்ளின. பிறகு விற்பனை பழைய நிலைக்கு வந்ததும் ஆட்கள் மிச்சம். நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கியதும் சேர்ந்துகொண்டது. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கி மூன்று மாதத்தில் வந்ததுதான் அந்த 1,900 பேர் செய்தி.

## ஆடுவது வேறு, நோண்டுவது வேறு

1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 'டூம்' கேமை வெளியிட்டது. அதில் ஒரு முடிவு முக்கியமானது. கேமை இயக்கும் நிரலை, அதாவது எஞ்சினை, ஒரு பக்கம் வைத்தார்கள். வரைபடம், படம், ஒலி எல்லாவற்றையும் தனிக் கோப்பாக இன்னொரு பக்கம் வைத்தார்கள். எஞ்சினைத் தொடாமலே அந்தக் கோப்பை மட்டும் மாற்றி யார் வேண்டுமானாலும் ஆட்டத்தில் புதுக் கட்டம் (லெவல்) செய்யலாம். இப்படி ஒரு கேமின் மேல் வெளியாட்கள் செய்யும் மாற்றத்துக்குத்தான் 'மாட்' என்று பெயர்.

அதன் பிறகு நடந்தவை கேம் உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். 1996-இல் 'குவேக்' கேமின் மேல் ஆஸ்திரேலிய இளைஞர்கள் செய்த மாட் 'டீம் ஃபோர்ட்ரஸ்'. அவர்களை வால்வ் என்ற அமெரிக்க கேம் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1999-இல் 'ஹாஃப் லைஃப்' கேமின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் செய்த மாட் 'கவுன்டர் ஸ்ட்ரைக்'. அடுத்த ஆண்டே அதையும் வால்வ் வாங்கியது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஓடிய கவுன்டர் ஸ்ட்ரைக் பிறந்த கதை இதுதான்.

இந்தக் கதைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். மாட் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, வேலைக்கு எடுக்கப்பட்ட சிலரின் பெயர்தான் நம் காதில் விழுகிறது. இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. இவர்கள் யாருமே ஆட்டத்தில் புலி என்பதற்காக வேலைக்கு எடுக்கப்படவில்லை. அடுத்தவர் எழுதிய பெரிய நிரலுக்குள் புகுந்து, அது எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொண்டு, உடைக்காமல் அதில் ஒன்றைச் சேர்த்தார்கள். ஐடி கம்பெனியில் சேரும் ஒருவருக்கு முதல் வருடம் கொடுக்கப்படும் வேலையும் அநேகமாக அதுதான்.

## ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் என்னவெல்லாம் கேட்கும்

மாட் செய்யும் அளவுக்கு எல்லோரும் போவதில்லை. நண்பர்களோடு ஆட ஒரு சர்வர் வைப்பது அதைவிட எளிது. கட்டைகளை அடுக்கி ஓர் உலகத்தையே கட்டி ஆடும் மைன்கிராஃப்ட் அதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் அதன் சர்வர் மென்பொருள் இலவசம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக் கணினியில் அதை நிறுவினால், ஏறக்குறைய இந்த வரிசையில்தான் சிக்கல்கள் வரும்.

1. முதல் தடவை ஓடவிட்டதும் சர்வர் தானே நின்றுவிடும். காரணம் திரையில் பளிச்சென்று தெரியாது, லாக் எனப்படும் பதிவைப் படிக்க வேண்டும். உரிம ஒப்பந்தக் கோப்பில் 'இல்லை' என்று இருப்பதை 'சரி' என்று மாற்றாமல் சர்வர் கிளம்பாது என்று அதில் இருக்கும். லாக் படிக்காமல் எதுவும் நடக்காது என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே மண்டையில் ஏறிவிடுகிறது.

2. அடுத்து ஜாவா. சர்வர் ஓட ஜாவா வேண்டும், அதிலும் சரியான பதிப்பு வேண்டும். எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்று நாமே சொல்ல வேண்டும். அள்ளிக் கொடுத்தாலும் பிரச்சினைதான். குப்பையான நினைவகத்தை ஜாவா கூட்டிப் பெருக்கும்போது ஆட்டம் ஒரு நொடி உறையும்.

3. வீட்டுக்குள் வேலை செய்யும், வெளியே இருக்கும் நண்பனால் நுழைய முடியாது. ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டை, அதாவது சர்வருக்கு வரும் அழைப்புக்கான வாசலை, திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் பலருக்கு வேலை செய்யாது. பழைய முறை இணைய முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். அவை போதாததால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் அடுக்கி வைக்கின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு நெட்வொர்க் தாளில் மனப்பாடம் செய்து எழுதும் முகவரி மாற்றம் என்ற பாடத்தை, நண்பனால் உள்ளே வர முடியவில்லை என்ற எரிச்சலில் இவன் முதலிலேயே தெரிந்துகொள்கிறான்.

4. ஆள் கூடினால் லேக், அதாவது ஆட்டம் இழுத்து இழுத்து ஓடும். மைன்கிராஃப்ட் உலகம் நொடிக்கு 20 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 50 மில்லி நொடி. மாடு நகர்வது, பயிர் வளர்வது, தண்ணீர் ஓடுவது எல்லாக் கணக்கும் அதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று சர்வர் புலம்பும். யாரோ ஒரே இடத்தில் இருநூறு கோழிகளை அடைத்து வைத்திருப்பார், அல்லது ஒரு பிளக்இன், அதாவது சர்வரில் கூடுதலாகச் சேர்த்த நிரல், தேவையில்லாமல் தேடிக்கொண்டிருக்கும். எது நேரத்தைத் தின்கிறது என்று அளக்கும் கருவியைப் போட்டுப் பார்க்காமல், ஊகித்துத் திருத்தப் போனால் நாள் வீண்.

5. கடைசியாக, எல்லோருக்கும் ஒரு நாள் வந்தே தீரும் துயரம்: உலகம் அழிந்துபோவது. பேக்கப் இருந்தும் அழியலாம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலகக் கோப்புறையை நகலெடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒட்டாத நகல் கிடைக்கும். எழுதுவதை முதலில் நிறுத்தி, நினைவகத்தில் இருப்பதை வட்டில் இறக்கி, பிறகு நகலெடுத்து, மறுபடி எழுத விட வேண்டும். டேட்டாபேஸ் நிர்வாகிகளும் பேக்கப் எடுக்கும்போது கவலைப்படுவது இதைப் பற்றியேதான். எடுத்த பேக்கப்பை மீட்டுப் பார்த்து உறுதி செய்யாதவரை அதை நம்பக்கூடாது என்பதும் இங்கேதான் புரியும்.

இவ்வளவும் சேர்ந்தால் ஒரு சிஸ்டம் அட்மினின் வேலையில் கணிசமான பங்கு. பெரிய வித்தியாசம், இங்கே கோபித்துக்கொள்பவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, வகுப்புத் தோழர்கள். சர்வர் படுத்துவிட்டால் அவர்களும் சும்மா விட மாட்டார்கள்.

## ஆறு நிமிடம் காத்திருக்கப் பிடிக்காத ஒருவர்

நோண்டுவது எந்த ஆழம் வரை போகும் என்பதற்கு 2021-இல் நடந்த ஒன்று. 'ஜிடிஏ ஆன்லைன்' வெளியானது 2013-இல். கணினியில் அது தொடங்கச் சில நிமிடங்கள் பிடிக்கும், வருடக்கணக்காக எல்லோரும் சபித்துக்கொண்டே ஆடினார்கள். 'டோஸ்ட்' என்ற புனைபெயரில் இயங்கிய ஒருவர் தன் கணினியில் அளந்து பார்த்தார். சுமார் ஆறு நிமிடம். இணையமோ வட்டோ பெரிதாக வேலை செய்யவில்லை, பிராசஸரின் ஒரே ஒரு கோர் மட்டும் நிமிடக்கணக்கில் முழு மூச்சாக ஓடியது.

மூல நிரல் அவரிடம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கேமை இடையிடையே நிறுத்தி, அந்த நொடியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். இரண்டு தவறுகள் சிக்கின.

முதலாவது: கேமுக்குள் வாங்கக்கூடிய பொருட்களின் பட்டியல், சுமார் 63,000 பொருட்கள், 10 எம்பி அளவு உரைக் கோப்பு. அதை ஒவ்வொரு மதிப்பாகப் படிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் மிச்சக் கோப்பின் நீளத்தை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது நிரல். இரண்டாவது: படித்த ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று மொத்தப் பட்டியலையும் வரிசையாகத் தேடியது. கூட்டிப் பார்த்தால் சுமார் 198 கோடி ஒப்பீடுகள். பட்டியலில் இருக்கும் எல்லாப் பொருளும் ஒன்றிலிருந்து ஒன்று வேறு, எனவே அந்தத் தேடலே தேவையில்லை.

இரண்டையும் ஒட்டுப்போட்டதும் காத்திருப்பு 1 நிமிடம் 50 நொடிக்கு இறங்கியது. கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு அதிகாரபூர்வமாகத் திருத்தி, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

இதில் பயன்பட்ட திறன்கள் மூன்று: அளப்பது, அடுத்தவர் நிரலை வெளியிலிருந்து பிரித்துப் படிப்பது, ஒரு வேலை உள்ளீட்டின் அளவோடு எப்படிப் பெருகும் என்று கணக்கிடுவது. மூன்றாவதை அல்காரிதம் வகுப்பில் எல்லோரும்தான் படிக்கிறோம். ஓடுகிற நிரலில் அதைக் கண்டுபிடிக்கிறவர்கள் குறைவு.

## பாதுகாப்பு: இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது

2021 டிசம்பரில் உலகம் முழுக்க ஐடி ஆட்கள் தூங்காமல் கிடந்த 'லாக்4ஷெல்' ஓட்டை நினைவிருக்கலாம். ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் ஒரு பொது நூலகத்தில் இருந்த ஓட்டை அது, தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண். பொதுவெளியில் அது முதலில் கண்ணில் பட்ட இடங்களில் ஒன்று மைன்கிராஃப்ட். சாட்டில் ஒரு குறிப்பிட்ட வரியைத் தட்டினால் போதும். சர்வர் அதை லாக்கில் எழுதும்போது அந்த நூலகம் அதை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். அந்த வாரம் தன் கேம் சர்வரைத் திருத்திய சிறுவனும், வங்கியில் சர்வர்களைத் திருத்திய பொறியாளரும் செய்தது ஒரே வேலை.

மறுபக்கக் கதை 2016-இல் நடந்தது. 'மிராய்' என்ற தீநிரல் இணையத்தில் இணைந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. வழி ரொம்பச் சாதாரணம்: தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அந்தக் கருவிகளை ஒரே இலக்கின் மேல் ஏவிவிட்டால் அது திணறி விழும். அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மேல் நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் தடுமாறின. முதலில் சந்தேகம் ஏதோ வெளிநாட்டு அரசின் மேல் போனது. டைனைத் தாக்கியவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாம், அதற்குள் நிரல் பொதுவெளிக்கு வந்துவிட்டிருந்தது. ஆனால் மிராயை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் சர்வர் உலகத்தில் வளர்ந்த மூன்று அமெரிக்க இளைஞர்கள். பெரிய சர்வர்கள் நல்ல வருமானம் பார்க்கும், போட்டி சர்வரை விழவைத்தால் ஆட்கள் நம் பக்கம் வருவார்கள், தாக்குதலிலிருந்து காப்பாற்றும் சேவையை விற்றாலும் காசு. அங்கே தொடங்கியதுதான் அவ்வளவு தூரம் போனது. 2018-இல் அவர்களுக்கு ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகப் பணியும் தண்டனையாக வந்தன. சிறைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், வேறு வழக்குகளில் எஃப்பிஐக்கு அவர்கள் செய்த உதவி.

இந்தியாவில் இதே காரியம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43, 66-இன் கீழ் வரும். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். "சும்மா நண்பனோட சர்வரத்தான் அடிச்சேன்" என்பது சட்டத்தில் செல்லாது. கேமில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் 'சீட்' நிரல்களை எழுதி விற்பவர்களும் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறார்கள். கவலை என்னவென்றால், இரண்டு பாதைக்கும் தேவைப்படும் திறமை ஒன்றே. போலீஸ் சரிபார்ப்பில் ஒரு தடவை பெயர் வந்துவிட்டால், அந்தத் திறமைக்குச் சம்பளம் கொடுக்கக்கூடிய இடங்கள்தான் முதலில் கதவைச் சாத்தும்.

## வேலைக்கு எது கூடவே வராது

கேமில் வாங்கிய ரேங்க் வராது. எந்தக் கம்பெனியும் அதைக் கேட்பதில்லை.

கை வேகமும் வராது. ஆக்ஷன் கேம் ஆடுபவர்கள் பார்வைக் கவனச் சோதனைகளில் மேலாகச் செய்ததாக 2003-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கேம் ஆடினால் மூளை வளரும், வேலை கிடைக்கும் என்று தாவுவது நீண்ட தாவல்.

கேம் டெஸ்டிங் என்றால் காசு வாங்கிக்கொண்டு ஆடுவது என்ற நினைப்பும் வேண்டாம். கதாபாத்திரத்தை ஒரே சுவரில் எல்லாக் கோணத்திலும் முட்டவிட்டு, எந்தக் கோணத்தில் சுவருக்குள் புகுந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, அடுத்தவர் அதை அப்படியே திரும்பச் செய்து பார்க்கும்படி படிப்படியாக எழுதித் தருவதுதான் அந்த வேலை. அப்படி எழுதத் தெரிந்தவருக்கு எந்த மென்பொருளின் டெஸ்டிங் பிரிவிலும் இடம் உண்டு. ஆட மட்டும் தெரிந்தவர் சீக்கிரமே வெறுத்துப் போவார்.

## கேம் கம்பெனிக்கே போக வேண்டும் என்றால்

இந்தியாவில் பெரிய ஸ்டூடியோக்கள் பெங்களூரு, புனே, மும்பை, ஹைதராபாத்தில் இருக்கின்றன. யூபிசாஃப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஹைதராபாத்தில், ராக்ஸ்டாருக்குப் பெங்களூரில் அலுவலகம் உண்டு. அங்கெல்லாம் வேலை ஒரே மாதிரி இல்லை. ஆட்டத்தின் நிரல் எழுதுபவர் ஒருவர், ஓவியர்களுக்கு உள் கருவி செய்து தருபவர் ஒருவர், ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்க்கும் சர்வரைப் பார்ப்பவர் இன்னொருவர்.

ஆட்குறைப்பு வரும்போது இந்த வித்தியாசம் தெரியும். சர்வர் பக்கம் இருப்பவர் அடுத்த மாதம் உணவு டெலிவரி செயலி நடத்தும் கம்பெனிக்குப் போய் அதே கிளவுடில் அதே வேலையைத் தொடரலாம். ஆட்டத்தின் கட்டங்களை வடிவமைப்பவருக்கு அப்படித் தாவ இடமில்லை. ஆசை எங்கே இருந்தாலும், முதல் வேலையை இதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சிறு குழுவாகச் செய்வது இன்னொரு வழி. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தை வைத்து, இட்லியும் புட்டும் சமைத்து ஆடும் 'வெண்பா' 2023-இல் டொரோண்டோவின் சிறிய ஸ்டூடியோவிலிருந்து வந்து, 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதை வாங்கியது. அருமையான விஷயம்தான், அதை வருமானத் திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த எஞ்சினைக் கற்பது என்று சண்டை போட்டுக்கொள்வதில் அர்த்தம் குறைவு. யூனிட்டி கற்றால் சி ஷார்ப் கூட வரும், அன்ரியல் கற்றால் சி பிளஸ் பிளஸ் வரும், கோடோ இலவசம், திறமூலம். 2023 செப்டம்பரில் யூனிட்டி திடீரென்று ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பில் தடுமாறி அடுத்த ஆண்டு முழுதாகக் கைவிட்டது. எஞ்சினின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் அன்றைக்கு அதிகம் பயந்தார்கள்.

## ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது

'பொழுதுபோக்கு: கேமிங்' என்ற வரிக்கு மதிப்பு பூஜ்யம். 'இருபது பேர் ஆடும் சர்வரை லினக்ஸில் ஒரு வருடம் நடத்தினேன், தினசரி பேக்கப் தானாக எடுக்க நிரல் எழுதினேன், லேக்குக்குக் காரணமான பிளக்இன்னைக் கண்டுபிடித்து மாற்றினேன்' என்ற வரிக்கு மதிப்பு உண்டு. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் கேமே ஆடாதவராக இருந்தாலும் அடுத்த கேள்வியை அங்கிருந்துதான் கேட்பார்: எப்படிக் கண்டுபிடித்தாய்? அதற்குப் பத்து நிமிடம் பேசத் தெரிய வேண்டும். பொய்யாக எழுதியவர் இரண்டாவது நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். எழுதிய நிரலை, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டு வைத்தால் பேச்சு இன்னும் சுலபம்.

ஆனால் அந்த நாற்காலி வரை போக வேண்டுமே. நம் கல்லூரிகளுக்கு மொத்தமாக ஆளெடுக்க வரும் நிறுவனங்களின் முதல் சுற்று ஆப்டிடியூட், அப்புறம் கோடிங் தேர்வு. அங்கே சர்வர் அனுபவத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், ரயில் எவ்வளவு நேரத்தில் பாலத்தைக் கடக்கும் என்றுதான் கேட்பார்கள். ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் தேர்வில் உட்காரவே விடாத நிறுவனங்கள் உண்டு. ஆறாவது செமஸ்டரில் அரியரோடு நிற்பவர் முதலில் முடிக்க வேண்டியது அந்தப் பேப்பரை. சிறு கம்பெனிகளிலும் ஸ்டார்ட்அப்களிலும் நேரடியாக வேலையைக் காட்டி உள்ளே போகும் வழி திறந்திருக்கிறது. அங்கே மதிப்பெண்ணைவிட கிட்ஹப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள்.